இவர் எந்த ஊர்ப் பெருமான்?

ஆத்தங்குடியில் எங்கள் வீட்டுத் தலைவாசல் நிலையின்மேல், இரு யானைகள் நீராட்டத் திருமகள் வீற்றிருக்கிறாள். ஆண்டாண்டாய்த் தீற்றிய குங்குமம் தச்சரின் நுண்வேலையைப் பாதி மறைத்துவிட்டது. அவளைக் கலைப்பொருள் என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை. அந்த வீட்டில் வாழ்ந்த அப்பத்தாவைத்தான் ஒருமுறை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன்.

1851இல் தோன்றிய அந்நிறுவனத்தின் வளாகத்தில், 1909இல் திறக்கப்பெற்ற செந்நிற மண்டபத்தையே காண்போர் வியப்பர். செப்புத் திருமேனிகளுக்கு வாய்த்ததோ தூணும் விமானமும் இல்லாத புதுக்காலக் கட்டடம். அங்கேதான் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இவருடைய ஒளிப்படங்களைக் கண்டே 1913இல் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் மறைந்தபின் 1921இல் அது அச்சேறியது. திருவாலங்காடு ஊர்த்துவ தாண்டவத்திற்குப் பேர்பெற்ற தலம். இத்திருமேனி ஆடுவதோ ஆனந்த தாண்டவம். திருவாசி இல்லை. பட்டும் மாலையும் கோயிலில் மறைக்கக்கூடிய இடையின் நெகிழ்வு இங்கே முழுமையாய்த் தெரிகிறது. சிற்பியை அறிய இதைவிட நல்ல இடமில்லை என்றே சொல்வேன்.

அப்பத்தா கைகூப்பி நின்றார். "இவரு எந்த ஊருச் சாமி?" என்றார். அறிவிப்பைப் படித்துச் சொன்னேன். "அப்ப அங்க இப்ப யாரு இருக்கா?" என்றார். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை வரவில்லை.

வரலாற்றாய்வுக்கு அதுவே முதற்கேள்வி. திருவெண்காட்டு இடபவாகனர் இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அவரைக் கோலக்காவன் என்பான் 1011இல் எழுந்தருளுவித்தான் என்று அறிவிப்பது திருவெண்காட்டுக் கோயிற் கல்வெட்டு. கல் ஓரிடத்திலும் செம்பு ஓரிடத்திலுமாய்ப் பிரிந்திருப்பினும், ஊர்ப்பெயர் இரண்டையும் இணைக்கிறது. அப்பெயர் அற்றுப்போனால் நேர்வதை ஸ்ரீபுரந்தான் நடராசர் காட்டினார். களவுபோன அவரை 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் விலைகொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய ஒளிப்படங்கள் அவருடைய ஊரை மெய்ப்பித்தன. 2014இல் நாடு திரும்பினார். தேவார மூவர் பதிகந்தோறும் பெரும்பாலும் ஊரைச் சுட்டிப் பாடியதன் அருமையை (நம் வட்டத்துக் கவிஞர்கள் பொறுத்தருள்க; உங்கள் சிலைக் கவிதைகளில் ஊரைத் தேடி நான் அலுத்ததுண்டு) அன்றுதான் உணர்ந்தேன்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்று எத்தனையோ நிலைகளும் கதவுகளும் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் திருமகள்களுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை. சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது எங்கள் நிலையை ஒளிப்படம் எடுத்தேன். அதன் பின்புறத்தில் ஆத்தங்குடி என்றும், கீழே எங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதி, அப்பத்தாவின் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன்.