41 பல் சக்கரமும் ஒரு கம்மின்ஸ் இன்ஜினும்

நாக்பூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு அந்தச் சாலை அத்துப்படி. ஆதிலாபாத், ஹைதராபாத், கர்நூல், பெங்களூர், ஓசூர், தருமபுரி, சேலம், நாமக்கல். பழைய என்.எச். 7. 2010-ல் நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது அது 44 ஆனது. வழி நெடுக டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்று நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரிகள் கூடவே வரும். பின்சீட்டுப் பிள்ளைகள் "இன்னும் எவ்ளோ தூரம்ப்பா" என்று ஆரம்பித்தால் லாரி எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பதிவு எண்ணை அல்ல, மாடல் எண்ணை.

பழைய டாடா லாரிகளில் 1613 என்று இருந்தால் முதல் இரண்டு இலக்கம் வண்டியும் லோடும் சேர்ந்த எடை, 16 டன். பின்னால் உள்ள 13-ஐப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன், 130. அப்படியே 2515 என்றால் 25 டன், 150 குதிரைத்திறன். டிரெய்லர் இழுக்கும் 3516 என்றால் 35 டன், 160. ஜாதகம் மாதிரி எல்லாம் நெற்றியிலேயே எழுதியிருக்கும்.

ஒரே ஒரு எண் மட்டும் வெளியே எழுதியிருக்காது. லாரிக்காரர் அந்த மாதம் தவணை கட்டுவாரா மாட்டாரா என்பதில் அதற்கும் பங்கு உண்டு. பின் ஆக்சில் ரேஷியோ. இந்தப் பதிவு அதன் கதை.

பி.காம். படித்தவனுக்குப் பல் சக்கரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வங்கியில் லாரிக் கடன் ஃபைல் பார்க்கிறவனுக்கு டீசல் கணக்கு, டயர் கணக்கு, டிரைவர் பேட்டா, தவணை எல்லாம் ஒரே தாளில் வந்து நிற்கும். டீசல் வரிசையில் உள்ள தொகை எங்கிருந்து வருகிறது என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் ஹவுசிங்குக்குள்தான் போய் முட்டுவோம்.

பின் சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டிருப்பதுதான் ஹவுசிங். உள்ளே ஒரு சின்னப் பல் சக்கரம், அது பினியன். அதோடு கடிக்கும் பெரிய சக்கரம் கிரவுன். பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்றால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் 6.83 சுற்றுச் சுற்றினால்தான் டயர் ஒரு சுற்றுச் சுற்றும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இதை 6/41 என்று கேட்பார்கள். 6/37 என்றால் 6.17. எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும், இன்ஜின் அதிகம் சுற்றும். எண் சிறிதானால் எல்லாம் தலைகீழ். (37-உம் 41-உம் பகா எண்கள். அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லோடும் முறைவைத்துக் கடிக்கும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. நம் கணக்கு வாத்தியார் இதைச் சொல்லியிருந்தால் பகா எண்ணை ஒழுங்காகப் படித்திருப்போம்.)

சரி, கதைக்கு வருவோம். கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது.

கம்மின்ஸ் கம்பெனியும் விவசாய டிராக்டர் செய்யும் கேஸ் கம்பெனியும் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் ஒரு டீசல் இன்ஜினை உருவாக்கின. பி சீரீஸ் என்று பெயர். அதில் ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் இன்ஜின் ஒன்று. வயல் வேலைக்கும் நடுத்தர லாரிக்கும் உகந்தது. கனமானது, அரை டன் தேறும். 1989-ல் கிரைஸ்லர் கம்பெனி இதைத் தூக்கித் தன் டாட்ஜ் பிக்கப்பில் வைத்தது. 160 குதிரைத்திறன் என்பது அன்றைக்கும் பெரிய விஷயமில்லை. முறுக்குவிசைதான் விஷயம்: 400 பவுண்டு-அடி, அதாவது சுமார் 540 நியூட்டன் மீட்டர். குதிரை லாயம், படகு, வீடு மாதிரி ஒரு டிரெய்லர் என்று எதையாவது பின்னால் கட்டி இழுக்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் ஒரு சிக்கல். பெட்ரோல் இன்ஜின் 4000 சுற்று சர்வசாதாரணமாகப் போகும். இந்த டீசலுக்கு 2500-லேயே கவர்னர் கடிவாளம் போட்டுவிடும். அந்த வண்டியின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை மீட்டர் உருளும். மணிக்கு 105 கிலோமீட்டர், அவர்கள் கணக்கில் 65 மைல், போகவேண்டுமானால் டயர் நிமிடத்துக்கு 700 தடவை சுற்றவேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அப்போது மூன்று கியர்தான். டாப் கியர் நேர் கியர், ஓவர்டிரைவ் கிடையாது. அதில் 4.10 ஆக்சிலைப் போட்டால் 2870 சுற்று வேண்டும். வண்டி அந்த வேகத்தைத் தொடவே தொடாது. 3.54 போட்டால் 2480, கவர்னரின் வாசலில் போய் நிற்கும். அதனால்தான் 3.07. அதில் சுமார் 2150.

இந்த 65 மைல் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், 1974 ஜனவரியில் நிக்ஸன் கையெழுத்துப் போட்டு நாடு முழுக்க 55 மைல்தான் என்று சட்டம் வந்தது. 1987-ல் ஊருக்கு வெளியே உள்ள பெரிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும் 65 என்று தளர்த்தினார்கள். 1995 கடைசியில் தேசிய வேக வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதாவது டாட்ஜ் 1989-ல் 3.07-ஐப் போட்டபோது சட்டம் தளர்ந்து இரண்டே வருடம். ஹவுசிங்குக்குள் உட்கார்ந்திருக்கும் பல் எண்ணிக்கையை வாஷிங்டனும் சேர்ந்துதான் தீர்மானித்தது.

3.07-இன் குறை மேட்டில் தெரியும். 4.10-ஓடு ஒப்பிட்டால் சக்கரத்துக்கு வரும் இழுவை நாலில் ஒரு பங்கு குறைவு. பின்னால் மூன்று டன் டிரெய்லரோடு மலையேறும்போது அந்த நாலில் ஒரு பங்கு சும்மா இல்லை. 1991 வாக்கில் ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வந்ததும் நிலைமை மாறியது. ஓவர்டிரைவில் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் 0.69 சுற்றுச் சுற்றினால் போதும். இப்போது 3.54 போட்டாலும் 105 கிலோமீட்டரில் 1700 சுற்றுதான். 1994-ல் வந்த புதிய வண்டியில் 3.54, 4.10 என்று இரண்டும் வைத்தார்கள். 4.10-இல் கூட 2000 சுற்றுக்குள் அடங்கியது. வாங்குகிறவர் எதில் வேண்டுமோ அதில் டிக் அடிக்கலாம். 4.10 வாங்கினால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து அதிக எடைக்குக் கம்பெனியே அனுமதி தரும். எண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடும். வார நாளில் காலியாக ஆபீஸ் போய்விட்டுச் சனிக்கிழமை மட்டும் படகை இழுக்கிறவருக்கு 3.54 போதும். தினமும் இழுத்துப் பிழைக்கிறவருக்கு 4.10. இன்றைக்கும் அங்கே இந்தப் பட்டிமன்றம் ஓயவில்லை என்பது வேறு விஷயம் :-) 2013-ல் முறுக்குவிசை 850 பவுண்டு-அடிக்குப் போய், கியரும் ஆறாகிவிட்ட பிறகு 3.42 கூட வந்தது. ஆனால் முழு எடை இழுக்கிறவருக்கு 4.10 அப்படியே இருந்தது.

இப்போது கப்பல் ஏறுவோம். 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அங்கே செய்ததும் இதே பி சீரீஸ், இதே 5.9 லிட்டர். அதைத்தான் நாம் மேலே பார்த்த 1613, 2515, 3516 வண்டிகளில் வைத்தார்கள். அமெரிக்காவில் பிக்கப்பும் டிரெய்லருமாக ஏழெட்டு டன் இழுத்த இன்ஜின், இங்கே 16 டன், 25 டன், 35 டன் இழுத்தது. 1613-இல் குதிரைத்திறன் 160 கூட இல்லை, 130.

எப்படி இழுத்தது? பல்லால்தான். அமெரிக்காவின் 4.10 என்பது கிரவுனில் 41, பினியனில் 10. நம் 6.83-உம் கிரவுனில் அதே 41, பினியனில் 6. நாலு பல் வித்தியாசம். அந்த நாலு பல்லில் இரண்டு நாட்டுப் போக்குவரத்துப் பொருளாதாரமும் அடங்கியிருக்கிறது என்பேன்.

நம் லாரி டயர் பெரிது, ஒரு சுற்றுக்கு மூன்றே கால் மீட்டர் போகும். ஐந்து கியர், டாப் நேர் கியர். 6/41 போட்ட வண்டி 60 கிலோமீட்டரில் போகும்போதே இன்ஜின் 2100 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். 80 போகவேண்டுமென்றால் 2800 வேண்டும், கவர்னர் விடாது. எழுபதைத் தாண்டியதும் வண்டி முடிந்தது. இது குறை என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. ஒற்றை வழிச் சாலையில், மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, செக்போஸ்ட்டில் மணிக்கணக்காக நின்று போகிறவனுக்கு எண்பது எதற்கு? டீசல் விலையை அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது. காத்திருக்கும் டிரைவருக்குக் கொடுப்பது சொற்பம். காசு வந்த இடம் லோடு ஒன்றுதான். ஒன்பது பத்து டன் ஏற்றவேண்டிய இரண்டு ஆக்சில் வண்டியில் பதினைந்து ஏற்றினால் வாடகை அரை மடங்கு கூடுதல். அந்தப் பதினைந்தோடு தொப்பூர் மாதிரி கணவாயில் நின்று கிளம்பவேண்டும். அதற்கு 6.83 வேண்டும். சில மாநிலங்கள் பணம் வாங்கிக்கொண்டு கூடுதல் லோடுக்கு அனுமதிச் சீட்டே கொடுத்தன. தவணை அந்தக் கூடுதல் லோடிலிருந்துதான் வந்தது என்பது கடன் கொடுத்தவர்களுக்கும் தெரியும். தாளில் மட்டும் பத்து டன் என்று இருக்கும்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஆறு பல் பினியன் சின்னது, ஒரு நேரத்தில் கடியில் இருக்கும் பல் குறைவு. அதன் மேல் அரை மடங்கு அதிக பாரத்தை வைத்து கிளட்ச்சைத் தட்டிவிட்டால் பல் தெறிக்கும். "கிரவுன் பினியன் போச்சு" என்று லாரி ஓரமாக நிற்பது அந்தக் காலத்து நெடுஞ்சாலைக் காட்சி. இன்னொன்று அதைவிட மோசம். இறக்கத்தில் டாப் கியரிலேயே இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுப்பதால், சில டிரைவர்கள் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். தொப்பூர் இறக்கத்தில் நடந்த பல விபத்துகளுக்கு இது ஒரு காரணம். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் போகாது, நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குப் போகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பிரேக்கைச் சுடவைத்துப் போன உயிர்கள் அவை.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 1999-ல் வாஜ்பாய் தொடங்கிவைத்த தங்க நாற்கரத்தின் 5846 கிலோமீட்டரும் 2012 வாக்கில் ஏறக்குறைய முடிந்தது. லாரிக்கு முதல்முறையாக ஓடுவதற்கு இடம் கிடைத்தது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதிச் சீட்டுக் கொடுத்துக் கூடுதல் லோடு ஏற்றவிட மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்றது. ஓவர்லோடு அன்றோடு ஒழிந்துவிடவில்லை, அது நமக்கே தெரியும். ஆனாலும் அதிக ஆக்சில் உள்ள வண்டியும் டிரெய்லரும் வாங்குவதற்குக் காரணம் கிடைத்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை முழுசாக எடுத்தார்கள். 2018-ல் ஆக்சில் வரம்பையே உயர்த்தி, நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்ததை 11.5 ஆக்கினார்கள்.

லோடு மட்டும் காசாக இருந்த இடத்தில் நேரமும் டீசலும் காசாகிவிட்டன. இன்ஜின் திறன் கூடியது, கியர் ஆறு, ஒன்பது என்று ஆனது, தொலைதூர வண்டிகளில் ரேஷியோ ஆறுக்குக் கீழே இறங்கியது. ஒரு கணக்குக்காக: மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2500 லிட்டர். அதுவே 4.25 கொடுத்தால் 2353. டீசல் 90 ரூபாய் என்று வைத்தால் மாதம் 13,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஒற்றை லாரி வைத்து ஓட்டுகிறவருக்குத் தவணையில் ஒரு நல்ல துண்டு இது. ஆனால் சமவெளியில் இப்படி மிச்சம் பிடிக்கும் ஆக்சிலைக் குவாரி வேலைக்கோ மலைப்பாதைக்கோ போட்டால் கிளட்ச் தட்டிலும் கீழ் கியரிலும் அந்தக் காசு அப்படியே போய்விடும். எந்த ரூட், எவ்வளவு லோடு என்று கேட்காமல் நல்ல ரேஷியோ, கெட்ட ரேஷியோ என்று சொல்ல முடியாது.

ஊரில் மச்சானோ சித்தப்பாவோ பழைய லாரி வாங்குகிறார் என்றால் ஒன்று சொல்லுங்கள். முந்தைய ஓனர் கிரவுன் பினியன் மாற்றியிருக்கலாம், புத்தகத்தில் இருப்பதை நம்பவேண்டாம். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, நியூட்ரலில் போட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கச் சக்கரங்களையும் சேர்த்து சரியாக ஒரு சுற்று சுற்றவேண்டும். கோடு ஆறு சுற்றுக்குச் சற்று மேலே போனால் 6/37. ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 6/41.