புகைப்படம் கோடாக மாறிய கதை

ஆலய மலரின் அட்டைக்காகப் பழைய புகைப்படம் ஒன்றைக் கோட்டுப் படமாக மாற்றிப் போன வாரம் குழுவில் போட்டிருந்தோம். எந்த ஓவியர் வரைஞ்சதுன்னு நிறைய பேர் கேட்டீங்க. ஓவியர் யாரும் இல்லைங்க, கணினியில் செய்ததுதான். ஆனா இந்த வேலைக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. தேடிப் படித்ததை எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒரு வேடிக்கை. புகைப்படம் பிறந்ததுக்கு ஒருத்தருக்குக் கோடு வரைய வராததும் ஒரு காரணம். 1833-ல் டால்பட் என்கிற இங்கிலாந்துக்காரர் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து காட்சியை வரையப் பார்த்தார். கையில் 'கேமரா லூசிடா'ன்னு ஒரு கருவி. காட்சியும் காகிதமும் ஒன்றாகத் தெரியும்படி செய்யும் கண்ணாடிப் பட்டகம் அது, 1806-லேயே காப்புரிமை வாங்கியது. தெரியுற காட்சி மேல் பென்சிலை ஓட்டினால் போதும். அப்படியும் அவருக்கு வரலை. வெளிச்சமே காகிதத்தில் தன்னை வரைஞ்சுக்கிட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சார். பிறகு 1844-ல் வெளியிடத் தொடங்கிய புத்தகத்துக்கு 'இயற்கையின் பென்சில்'னு பேர் வச்சார்.

புகைப்படம் வந்தாச்சு, ஆனா பத்திரிகையில் அதை அச்சடிக்க முடியலை. அச்சு எந்திரத்துக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு: மை ஒட்டும், இல்லைன்னா ஒட்டாது. நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. அதனால் புகைப்படத்தைப் பார்த்து ஆட்கள் பாக்ஸ்வுட் என்கிற கெட்டி மரக்கட்டையில் கோடு கோடாகச் செதுக்கினாங்க. பெரிய படம்னா பல கட்டைகளைப் போல்ட் போட்டு இணைத்து, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, செதுக்கி முடிஞ்சதும் மறுபடி முடுக்கிச் சேர்ப்பாங்க. நம்ம பேக்டரி லைன் மாதிரியேதான், அவசர ஆர்டர் உட்பட! அமெரிக்காவில் மேத்யூ பிராடி 1860 பிப்ரவரியில் லிங்கனை எடுத்த புகைப்படம், அதே வருஷம் நவம்பரில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' அட்டையில் இப்படிச் செதுக்கிய கோட்டுப் படமாகத்தான் வந்தது. அந்தக் காலத்துப் பத்திரிகையில் வாசகர்கள் பார்த்தது இன்னொருத்தர் கை போட்ட கோடு.

அடுத்து வந்த முறைதான் எங்களை உலுக்கியது. வெளிறலாக அச்சிட்ட புகைப்படத்தின் மேலேயே ஓவியர் அழியாத மையால் கோடு போடுவார். போட்டு முடிச்சதும் அதை மெர்குரி குளோரைடு கரைசலில் (கொடிய விஷம்ங்க அது) முக்குவாங்க. புகைப்படம் வெளுத்து மறைஞ்சுடும், மைக்கோடு மட்டும் வெள்ளைத் தாளில் நிற்கும். அந்தத் தாளில் இருந்த முகம் போனது போனதுதான்.

1880 மார்ச் 4-ம் தேதி நியூயார்க் 'டெய்லி கிராஃபிக்' பத்திரிகை ஒரு புகைப்படத்தை நேரடியாக அச்சடித்தது. ஹாஃப்டோன்னு சொல்லுவாங்க. அது பரவப் பரவ மரம் செதுக்கியவங்களுக்கு வேலை குறைஞ்சு போச்சு. ஆனா கோடு சாகலை. மட்டமான தாள், எந்திரக் கையேடு, ஸ்டென்சில் வெட்டி சைக்லோஸ்டைல் போட்ட நோட்டீஸ், இதுக்கெல்லாம் கோடுதான் சரிப்பட்டது.

கையே படாமல் கோடு எடுக்கவும் இருட்டறையில் ஒரு வித்தை இருந்தது. ஒரே படத்தின் நெகடிவையும் பாசிடிவையும் பிலிமில் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று துல்லியமாக வைப்பாங்க. ஒன்றில் கறுப்பாக இருப்பது மற்றதில் வெளுப்பு. அதனால் ரெண்டும் ஒன்றை ஒன்று அடிச்சுடும், எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகிடும். ஆனா நடுவில் பிலிம் கனம் அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி இருக்கு இல்லையா? வெளிச்சத்தைச் சாய்வாக விட்டு, பிலிமைச் சுற்றினால், உருவத்தின் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் புகுந்து வெளியே வரும். அதுதான் கோடு. இதை டோன் லைன் முறைன்னு சொல்லுவாங்க.

கணினிப் பக்கம் சுருக்கமா சொல்லிடுறோம். 1957-ல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் படத்தை ஸ்கேன் செய்தார், 176-க்கு 176 புள்ளிகள். 1963-ல் ராபர்ட்ஸ், 1968-ல் சோபெல், 1986-ல் கேனி, இவங்க படத்தில் ஓரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குகளைக் கொடுத்தாங்க. 1990-ல் போட்டோஷாப் வந்தது. 1994-ல் அதில் லேயர் வசதி சேர்ந்தது. 1996-ல் காசில்லாத கிம்ப் வந்தது. நாங்க பயன்படுத்தியது கிம்ப்.

செய்முறை இதுதான். படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கணும். அதே படத்தை இன்னொரு லேயராக மேலே வைக்கணும். மேல் லேயரை நெகடிவ் ஆக்கி, 'டாட்ஜ்' முறைக்கு மாத்தணும். இருட்டறையில் கையால் வெளிச்சத்தை மறைத்து ஓர் இடத்தை வெளுக்க விடுவதுக்கு டாட்ஜ்னு பேர், அதுதான் இங்கேயும் வந்திருக்கு. இப்ப திரை கிட்டத்தட்ட முழுக்க வெள்ளை. பயப்படாதீங்க. மேல் லேயரைக் கொஞ்சம் மங்கலாக்கினால், கோடு ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

கணக்கு சின்னதுதான். கீழே ஒரு புள்ளியின் வெளிச்சம் 200. மேலே அதன் நெகடிவ் 55. கீழே உள்ளதை 255-ஆல் பெருக்கி, 255-லிருந்து 55-ஐக் கழித்து வரும் 200-ஆல் வகுக்கணும். விடை 255, அதாவது வெள்ளை. பூஜ்யம் தவிர எந்த எண்ணைப் போட்டாலும் இதே விடைதான். மங்கலாக்கும்போது மேல் லேயரில் ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்தோடு கலந்துடும். ஓரத்தில் 80 இருக்கும் புள்ளிக்கு அக்கம்பக்கச் சராசரி 140-ன்னா, மேலே 115. கணக்குப் போட்டால் 146, சாம்பல் நிறம், கோடு விழுந்தாச்சு. பிலிம் இடைவெளி செய்த வேலையை இங்கே மங்கல் செய்யுது. இருட்டறையில் இருந்தவங்க இதைப் பார்த்தால் சிரிச்சிருப்பாங்க.

ஆனா இந்தக் கணக்குக்கு வெளிச்ச வித்தியாசம் மட்டும்தான் தெரியும். எங்க படத்தில் பழைய கொட்டகை முன்னால் ஒன்பது பேர் நிற்கிறாங்க. வலது ஓரத்தில் சுண்ணாம்புச் சுவரை ஒட்டி வெள்ளைச் சேலையில் ஓர் அம்மா. படம் வெளிறிப் போனதால் சேலையும் சுவரும் ஒரே நிறம். மென்பொருள் எட்டு பேரை வரைஞ்சது. பூஞ்சணம் பிடித்த புள்ளிகளைக்கூட அக்கறையாக வரைஞ்சது. அந்த அம்மா இருந்த இடம் வெறும் வெள்ளை.

இதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கையால் சேர்த்தால் அது புகைப்படத்திலிருந்து வந்ததுன்னு சொல்லலாமான்னு சிலர் கேட்டாங்க. கொட்டகை கட்டின நாளில் நின்னவங்களை அட்டையிலிருந்து எடுக்க நாம யாருன்னு மத்தவங்க கேட்டாங்க. கடைசியில் தனி லேயர் ஒன்றில் எங்க இளைஞர் ஒருத்தர், மூலப் படத்தைப் பெரிதாக்கி, தெரிந்த அளவுக்கு மட்டும் கோடு போட்டார். தெரியாத முகத்தைக் கற்பனையில் வரையலை. உள்பக்கத்தில் அசல் புகைப்படத்தையும் அப்படியே போட்டு, வலது ஓர உருவம் கையால் சேர்த்ததுன்னு கீழே எழுதுறோம். மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கு. எட்டு பேர் பேரும் கிடைச்சாச்சு. அந்த அம்மா யார்னு உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது தெரிஞ்சால் ஆலய அலுவலகத்தில் வந்து சொல்லுங்க. அசல் படம் அங்கே இருக்கு, கண்ணாடி போட்டுப் பார்க்கலாம்.