தேயிலை மலையும் சயாம் பாதையும்

கேமரன் மலையைக் காணச் செல்வோர்க்கு, 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அம்மேட்டு நிலத்தைக் கண்டதும், 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் சொல்லப்படுகின்றன. அத்தோட்டங்களில் உழைத்தவர் தமிழர். அவர்தம் இனத்தாரே மலைக்குக் கீழே ரப்பர்த் தோட்டங்களிலும் பால் வெட்டினர். போர்க்காலத்தில் அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னாலன்றோ அம்மலைக் காட்சி முழுமை பெறும்?

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். ரப்பர் ஏற்றுமதி முடங்கிற்று, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசியும் அரிதாயிற்று. அந்நிலையிலேதான் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்கு ஆள் சேர்த்தனர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி என்பது வாக்குறுதி. பசித்தவன் நம்பாமல் என் செய்வான்? வர மறுத்தோரை வளைத்துப் பிடித்தும் ரயிலேற்றினர். சென்ற தமிழர் பல்லாயிரவர். காட்டில் வாந்திபேதி அவர்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டது. வெள்ளைக் கைதிகளிடையே அவர்தம் படை மருத்துவராவது இருந்தனர். தோட்டத் தமிழருக்கு அத்துணையும் இல்லை. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. நம்மவருள் மிகப் பலர் பெயரின்றிக் குழிகளில் கிடக்கின்றனர். மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், திரும்பும் வழியில் தோட்டத்து முதியோரிடம் சயாமுக்குச் சென்றவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வரச் செய்யலாம்.