நோர்வூட் தேயிலைச் சரிவுகளில் மஞ்சள் நெற்றிக் குக்குறுவான்: பழமும் பட்டமரமும்

மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் இலங்கையில் மட்டுமே வாழும் பறவை. நீளம் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர். உடல் இலைப்பச்சை, நெற்றி பொன்மஞ்சள், முகமும் தொண்டையும் நீலம். தடித்த அலகின் அடியில் விறைத்த மயிர்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே 1816இல் இதற்கு அறிவியற்பெயர் இட்டார். மெகலைமா என்ற பேரினத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த இது, மரபணு ஆய்வுகளுக்குப் பின் சைலோபோகன் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. தீவின் ஈரவலயத் தாழ்நிலக் காடுகளிலிருந்து சுமார் 2,000 மீற்றர் உயரம் வரை காணப்படுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவாபத்து மிகக் குறைந்த இனங்களுள் ஒன்றாகவே நிற்கிறது. தீவு முழுமைக்குமான அந்த மதிப்பீடு ஒரு தேயிலைப் பள்ளத்தாக்கின் நிலையைச் சொல்லிவிடாது.

அட்டன் – மஸ்கெலியா வீதியில், கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடையும் முன் கடந்துவரும் பள்ளத்தாக்கில் நோர்வூட் அமைந்துள்ளது. உயரம் 1,000 மீற்றருக்குச் சற்று மேல். இந்த உயரமே அதன் காட்டு வரலாற்றைத் தீர்மானித்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைக்காடுகளைக் கோப்பித் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அந்த நிலங்களில் தேயிலை ஏறியது. இடையில், 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. சிவனொளிபாதமலைத் தொடரின் உச்சிக்காடுகள் இன்றும் நிற்பதில் அந்தக் கோட்டுக்குப் பங்குண்டு. ஆனால் அது நீரூற்றுகளையும் தட்பவெப்பத்தையும் எண்ணிப் போடப்பட்ட கோடு. பறவைகளை எண்ணி அல்ல. கோட்டுக்குக் கீழிருந்த நடுமலைக் காடு, அதாவது குக்குறுவானின் பரவலில் நடுவே கிடந்த பட்டை, பெரும்பாலும் தேயிலைக்குப் போனது. 

இருந்தும் தேயிலைச் சரிவுகளில் இப்பறவையின் குரல் கேட்கிறது. உருண்டு ஏறி, பின் ஒரே சீராகத் தொடரும் அந்தக் குரல் பள்ளத்தாக்கைக் கடந்து செல்லும். இதைக் கொண்டு தோட்டமும் காட்டைப் போன்றதே என்று முடிவு கட்டுவது அவசரம். தொலைவில் கேட்கும் குரல் பறவை இருப்பதைச் சொல்லுமே தவிர, அது அங்கேயே கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கிறது என்பதற்குச் சான்றாகாது. ஓடைக்கரையில் எஞ்சிய காட்டுக் கீற்றில் பிறந்த பறவை, பழம் தேடித் தோட்டத்துக்கு வந்து கூவிவிட்டுப் போகலாம். ஆகவே எத்தனை குரல் கேட்டது என்பதைவிட, பழம் எங்கே, பொந்து எங்கே என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பழத்தைப் பொறுத்தவரை தோட்டத்து மரங்களின் எண்ணிக்கை ஏமாற்றக்கூடியது. மலையகத்தில் சவுக்கு எனப்படும் கிரவிலியாவே நிழல்மரங்களில் முதன்மையானது. அதன் காய் உலர்ந்து வெடித்து, இறகுள்ள விதையைக் காற்றில் விடும்; தின்னச் சதை இல்லை. விறகுக்காக நடப்படும் யூக்கலிப்டசும் அப்படியே. பச்சைப் போர்வையாகத் தெரியும் சரிவு பழந்தின்னிக்கு வெறுங்களம்தான். மாறாக, ஆல், அத்தி இன மரங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் காய்ப்பதால், நான்கைந்து மரங்கள் இருந்தால்கூட ஆண்டின் பெரும்பகுதிக்கு உணவு கிடைக்கும். தோட்டங்களில் அவை தப்பி நிற்கும் இடங்களுள் ஒன்று முனியாண்டி, மாடசாமி போன்ற மரத்தடித் தெய்வங்களின் இடம். சாமிமரத்தில் கத்தி வைக்க எவரும் துணிவதில்லை. காட்டிலாகாவின் அறிவித்தற்பலகையைவிட அந்த அச்சத்துக்கு வலு அதிகம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிய வீட்டுத்தோட்டத்துக் கொய்யாவும் பப்பாசியும் மேலதிக உணவு. கொய்யா விதை பறவை வயிற்றின் வழியே காட்டோரத்துக்குப் போய் முளைப்பதும் உண்டு; காட்டு மரங்களின் விதையைப் பரப்பும் அதே தொண்டை அயல்தாவரத்தையும் பரப்புகிறது.

இருப்பினும் பழத்தைவிட இறுக்கமான தடை கூடு. குக்குறுவான் பிறர் விட்ட பொந்தில் ஒதுங்குவதில்லை. தன் அலகாலேயே குடைகிறது. மரங்கொத்தியின் உளிபோன்ற அலகு அதற்கு இல்லை. எனவே உளுத்த மரமோ பட்டுப்போன கிளையோ வேண்டும். பின்னாளில் அது கைவிடும் பொந்துகளில் பட்டாணிக்குருவி, குண்டுக்கரிச்சான் போன்றவை குடியேறும். ஒரு பட்டமரம் போனால் இழப்பு ஓர் இனத்தோடு நிற்காது.

தோட்டத்தில் பட்டமரம் நெடுநாள் நிற்பதில்லை. லயத்து அடுப்புக்கு விறகு வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமற் போனபோது தேவை இன்னும் கூடியது. சுள்ளி பொறுக்கும் பெண்களை மட்டும் சுட்டுவது நியாயமாகாது. கொழுந்தை உலர்த்தும் தொழிற்சாலைச் சூளைகளும் விறகையே பெருமளவில் எரிக்கின்றன. காய்ந்த மரத்தை முறையாக வெட்டி அகற்றுவது தோட்ட நிர்வாகத்தின் வழமையான வேலை. கூரைக்கு மேல் தொங்கும் பட்ட கிளையை வெட்டத்தான் வேண்டும். ஓடைப்பள்ளத்திலும் கைவிட்ட மலைமுகட்டிலும் நிற்பதை வெட்ட அப்படியொரு காரணம் இல்லை.

தமிழ்நாட்டின் வால்பாறை ஒப்பிடத்தக்க இடம். அங்கும் மழைக்காடு தேயிலைக்குள் துண்டுகளாக நிற்கிறது. அங்கு கேட்பது இதன் உறவினமான வெண்கன்னக் குக்குறுவானின் குரல். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அங்குள்ள தோட்ட நிறுவனங்களுடன் சேர்ந்து, சிதைந்த காட்டுத்துண்டுகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுவருகிறது. நோர்வூட்டின் ஓடைக்கரைகளிலும் அது இயலாததல்ல. ஆனால் நடுகை முதலில் தீர்ப்பது பழத்தின் குறையை மட்டுமே. அத்தி சில ஆண்டுகளில் காய்க்கும். வன்மரம் ஒன்று வளர்ந்து, மூத்து, உளுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். மென்மரமான முள்முருக்கு விரைவில் உளுக்கக்கூடியது. தேயிலை நடுவே அதைக் குட்டையாக நறுக்கி வைப்பதால் பொந்துக்கேற்ற பருமன் அதற்கு வாய்ப்பதில்லை. ஓடையோரத்தில் அதை நறுக்காமல் வளரவிட்டால் அந்த இடைக்காலம் குறையும்.