பதினைந்துக்குப் பத்து

1949 பிப்ரவரி 10. மலாயாக் கூட்டரசிலிருந்து பினாங்கு பிரிய வேண்டும் என்ற தீர்மானம் பினாங்கு செட்டில்மென்ட் கவுன்சிலில் தோற்றது. எதிராக 15 வாக்கு, ஆதரவாக 10. பெரும்பாலான வரலாற்று நூல்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்தப் பதினைந்து பேர் யார்? அங்கிருந்துதான் என் தேடல் தொடங்கியது.

மலாய்க்காரர் ஒரு பக்கம், சீன, இந்திய வணிகர் மறுபக்கம் என்று முதலில் நினைத்தேன். பழைய செய்தித்தாள்களைப் புரட்டப் புரட்ட அந்தக் கணக்கு உதைத்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்த டி. ஏ. மெக்கே ஒரு வெள்ளைக்காரர், பினாங்கு வர்த்தகச் சங்கத்தின் தலைவர். அவரைத் தோற்கடித்ததும் வெள்ளைக்காரர்கள்தாம்: கவுன்சிலில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓரணியாகத் திரண்டு எதிர்த்து வாக்களித்தார்கள்.

சண்டையின் வேர் 1948 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்கள் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியும் ஒன்பது மலாய் ஆட்சியாளர்களும். பினாங்குக்கு சுல்தான் கிடையாது. அதன் பெயரால் ஒப்பமிட உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லை. சிங்கப்பூரோ 1946லேயே தனிக் காலனியாகிவிட்டது. சுங்கவரி வந்தால் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற பெயர் போகும், சுமத்ராவோடும் தென் தாய்லாந்தோடும் நடக்கும் சரக்கு வியாபாரம் படுக்கும் என்று கிடங்குக்காரர்கள் பதறினார்கள். 1948 டிசம்பரில் பிரிவினைக் குழு உருவானது.

அடுத்த துப்பைத் தந்தது ஒரு தலைப்பு. 1973ல் நூர்தின் சோபியீ வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பினாங்குப் பிரிவினை இயக்கத்தின் காலத்தை '1948–51' என்று குறிக்கிறது. 1949லேயே தோற்ற தீர்மானத்துக்கு எதற்கு இன்னும் இரண்டு ஆண்டு? விடை லண்டனில் இருந்தது. கவுன்சிலில் தோற்றவர்கள் மனு எழுதி அங்கே முறையிட்டார்கள். நியாயமான வழிதான்: தீர்மானம் வென்றிருந்தாலும் பினாங்கைப் பிரித்துவிடும் அதிகாரம் அந்தக் கவுன்சிலுக்கு இல்லை. 1951ல் மனுவும் கைகூடாமல் போனது. சுங்கமில்லாத் துறைமுகம் தொடரும் என்ற உறுதிமொழியே வணிகர்களின் வேகத்தைத் தணித்தது.

இன்னொன்றைக் கவனிக்கத் தவறியிருந்தேன். எதிர்த்த பதினைந்து பேரைப் போலவே ஆதரித்த பத்துப் பேரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்தார் போருக்குப் பின் முதலில் வாக்களித்தது 1951 டிசம்பர் 1 அன்று, நகராட்சியின் ஒன்பது இடங்களுக்கு. பிரிவதா, சேர்ந்திருப்பதா என்ற கேள்வி அந்தச் சீட்டில் இல்லை.