கிருமிநாசினிகள்: சித்தூர், திருப்பதி வட்டாரத்து வரலாறு

தரை, சுவர், மேசை, பாத்திரம், சிகிச்சைக் கருவி முதலிய உயிரற்ற பொருள்களின்மீது தங்கியிருக்கும் நோய்க்கிருமிகளை அழிக்கவோ, நோய் தரமாட்டாத அளவுக்குக் குறைக்கவோ பயன்படும் இரசாயனப் பொருள்கள் கிருமிநாசினிகள் எனப்படும். தோலின்மீதும் புண்ணின்மீதும் இடத்தக்க மருந்துகள் வேறு வகையின. சென்னை மாகாணத்தில் 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டதும், 1953 இல் ஆந்திர இராஜ்யத்தோடு இணைந்ததும், 2022 இல் திருப்பதி தனி மாவட்டமாகும்படி பிரிக்கப்பட்டதுமான சித்தூர் மாவட்டம், யாத்திரிகர் பெருந்திரளாகக் கூடும் திருமலை மலைக்கோயிலையும், தென்னிந்தியாவின் பழைய காசநோய் மருத்துவமனைகளுள் ஒன்றையும் தன்னகத்தே கொண்டிருந்தமையால், இப்பொருள்களின் வரலாற்றை ஓரிடத்தில் வைத்து ஆராய்வதற்கு ஏற்றதாக அமைந்துள்ளது.

பழைய வழக்கங்கள்

நோய்க்கு நுண்ணுயிர்களே காரணம் என்பது தெளிவாவதற்கு நெடுங்காலம் முன்பே, துர்நாற்றத்தையும் நோயையும் ஒன்றாகக் கருதிய மக்கள், நறுமணம் உள்ள இடத்தில் நோய் அணுகாது என்ற நம்பிக்கையோடு சாம்பிராணிப் புகை இட்டனர், மஞ்சள் நீர் தெளித்தனர், வேப்பிலை கட்டினர், சாணம் மெழுகினர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். இவற்றுள் புதிதாக நீற்றிய சுண்ணாம்பு, தன் கடுமையான காரத்தால் கிருமிகளை மெய்யாகவே கொல்லவல்லது. சாணமோ இரணஜன்னிக் கிருமியின் வித்துகளைத் தானே சுமந்துவரக் கூடியது.

திருமலையில் யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்கு விசேஷங்களுக்கும் முன்வரும் செவ்வாய்க்கிழமைகளில் நடைபெறும் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் இவ்வகை வழக்கங்களுள் குறிப்பிடத்தக்கது. மூலவரை வஸ்திரத்தால் மூடிவிட்டுக் கர்ப்பக்கிருகம் முதல் வெளிப்பிராகாரம் வரை சுவர், தளம், விதானம், பூஜைப் பாத்திரங்கள் அனைத்தையும் நீர்விட்டுத் தேய்த்துக் கழுவியபின், நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம், கஸ்தூரி மஞ்சள், கற்பூரம், சந்தனப் பொடி, குங்குமம், கிச்சிலிக்கிழங்கு முதலியன கலந்த பரிமள நீரை எங்கும் தெளிப்பார்கள். விஞ்ஞான நோக்கில் பார்த்தால், மணப்பொருள்களைக் காட்டிலும், அதற்கு முன்னர் விளக்குப் புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்து நீக்கும் வேலையே இதில் சுகாதாரத்துக்கு மிகுந்த பயன் தருவது. ஏனெனில், அழுக்கின்மீது ஊற்றப்படும் எந்தக் கிருமிநாசினியும் தன் சக்தியில் பெரும்பங்கை அவ்வழுக்கிலேயே இழந்துவிடுகிறது.

மணத்திலிருந்து சோதனைக்கு

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் மணமே அளவுகோலாயிருந்தது. ஷீலே 1774 இல் குளோரினைத் தயாரித்தார். டெனன்ட் 1799 இல் அதைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பிளீச்சிங் பவுடராக்கினார். பாரிஸில் லபராக் என்பார் 1820களில் குளோரின் கரைசல்களைப் பிணவறை முதலிய இடங்களின் நாற்றத்தைப் போக்கப் பயன்படுத்தினார். வியன்னாவில் 1847 இல் செம்மல்வைஸ், பிரேதப் பரிசோதனை செய்த கைகளில் தங்கும் நாற்றத்தைக் குளோரின் சுண்ணாம்பு நீர் போக்குவதைக் கண்டு, மருத்துவர்களை அதில் கை கழுவச் செய்ய, பிரசவ ஜுரத்தால் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ரூங்கே 1834 இல் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்த கார்பாலிக் அமிலத்தை, 1865 இல் லிஸ்டர் கிளாஸ்கோவில் இரணசிகிச்சைக்குக் கொண்டுவந்தார்.

கிருமிநாசினியைச் சோதித்தறியும் விஞ்ஞானம் 1881 இல் ராபர்ட் காக் செய்த ஆராய்ச்சியால் உருப்பெற்றது. அடைப்பான் நோய்க்கிருமியின் வித்துகளைப் பட்டு நூலில் உலரவைத்து, அந்நூலை ஒவ்வொரு மருந்திலும் குறித்த நேரம் நனைத்தபின், வித்துகள் மீண்டும் முளைக்கின்றனவா என்று அவர் பார்த்தபோது, மணத்தால் பேர்பெற்ற கார்பாலிக் அமிலம் வித்துகளிடம் தோற்றது. மணமே இல்லாத பாதரசக் குளோரைடு வென்றது. அதன்பின் 1908 இல் ஹாரியட் சிக் அம்மையார், கிருமிகள் யாவும் ஒரே கணத்தில் மடிவதில்லை என்பதையும், நேரம் செல்லச்செல்ல எஞ்சியவற்றில் ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே போகின்றன என்பதையும் கணித முறையில் நிறுவினார். மருந்தின் செறிவோடு அது தங்கும் நேரமும் கணக்கில் சேரவேண்டும் என்னும் விதி இதிலிருந்து பிறந்தது.

கொல்லும் விதம்

கிருமிநாசினிகள் தாக்கும் இடம் வகைக்கு வகை வேறுபடும். பிளீச்சிங் பவுடரும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் நீரில் தரும் ஹைப்போகுளோரஸ் அமிலம் மின்னேற்றமற்றது. ஆகவே கிருமியின் உறையை எளிதில் ஊடுருவி, உள்ளிருக்கும் நொதிகளை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கிறது. கார்பாலிக் வகையைச் சேர்ந்தவை உயிரணுச் சவ்வைக் குலைத்துப் புரதத்தைத் திரளச் செய்கின்றன. ஸ்பிரிட்டும் புரதத்தின் வடிவத்தைக் கெடுப்பதுதான். ஆனால் அவ்வேலைக்கு நீரும் வேண்டியிருப்பதால், தூய ஆல்கஹாலைவிட 60 முதல் 90 சதவீதம் வரையுள்ள கலவையே வலியது. 1935 இல் டோமாக் அறிமுகப்படுத்திய குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள், நேர்மின்னேற்றமுடையவையாதலால், எதிர்மின்னேற்றமுள்ள கிருமிச் சவ்வில் ஒட்டிக்கொண்டு அதைக் கிழிக்கின்றன. சோப்பின் எச்சம் தரையில் இருந்தால் அதனோடு கூடிச் செயலிழந்துவிடுகின்றன.

கிருமிகளின் எதிர்ப்புச் சக்தியும் ஒருபடித்தானதன்று. கொழுப்பு உறையுள்ள வைரசுகள் எளிதில் அழியும். சாதாரண பாக்டீரியாக்களும், உறையில்லா வைரசுகளும், மெழுகு உறை பூண்ட காசநோய்க் கிருமியும் ஒன்றைவிட ஒன்று கடினமானவை. வித்துகளோ பெரும்பாலான மருந்துகளுக்கு அசையாமல் நிற்கும்.

கிணறும் திருவிழாவும்

காலரா நீர்வழிப் பரவும் நோய் என்பது, காக் 1884 இல் கல்கத்தாவில் அதன் கிருமியை உறுதிப்படுத்தியபின், இந்தியச் சுகாதார அதிகாரிகளின் நடைமுறையை மாற்றிற்று. ஆக்ராவில் ஹாங்கின் 1890களில் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இடச் செய்தார். நீர் செந்நிறமாவதைக் கண்டு மருந்து இட்டது தெரிந்துகொள்ளலாம் என்பது அம்முறையின் வசதி. பின்னர் பிளீச்சிங் பவுடர் அதன் இடத்தைக் கைப்பற்றியது. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தபோது இயற்றப்பட்ட 1939 ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோய் கண்ட வீடுகளையும் பொருள்களையும் கிருமி நீக்கம் செய்வதற்கும், திருவிழாக்களிலும் சந்தைகளிலும் சுகாதார ஏற்பாடுகள் செய்வதற்கும் தனித்தனி விதிகள் வகுத்தது.

கிணற்றுக்கு எவ்வளவு பவுடர் வேண்டும் என்பதைச் சுகாதார ஆய்வாளர்கள் ஹாராக்ஸ் பெட்டி கொண்டு அறிவார்கள். அதில் ஆறு வெள்ளைக் கிண்ணங்களும் ஒரு கருப்புக் கிண்ணமும் உண்டு. கருப்புக் கிண்ணத்தில் 2 கிராம் பவுடரை நீரில் கரைத்துத் தெளியவைத்து, கிணற்று நீர் நிரப்பிய வெள்ளைக் கிண்ணங்களில் முறையே ஒரு துளி, இரு துளி என ஆறு துளிவரை விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச்-அயோடைடு கரைசலைச் சேர்த்தால், மருந்து மிஞ்சியிருக்கும் கிண்ணத்து நீர் நீலமாகும். முதன்முதலில் தெளிவாக நீலம் காட்டுவது மூன்றாவது கிண்ணமாயின், 455 லிட்டர் நீருக்கு 6 கிராம் பவுடர் தேவை. நீரின் அழுக்குக்கேற்ப மருந்தின் அளவு மாறும் என்ற உண்மையை எளிய கருவியொன்றால் கண்ணெதிரே காட்டுவது இச்சோதனையின் சிறப்பு.

ஆரோக்கியவரம்

அக்காலச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில், கிறிஸ்தவ மிஷன்கள் பல கூடி நிறுவிய காசநோய் மருத்துவமனை ஆரோக்கியவரம் என்னும் பெயரோடு 1915 முதல் இயங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஃப்ரிமட்-மொல்லர் அதை நெடுங்காலம் நடத்தினார்.  ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வருவதற்கு முந்திய அந்நாளில், நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமுள்ள உணவு ஆகியவற்றோடு நோயாளியின் சளியை அழிப்பதும் சானடோரியங்களின் தலையாய கடமையாயிருந்தது. மூடியுள்ள குவளையில் சளியைச் சேர்த்து எரிப்பதும், 5 சதவீதக் கார்பாலிக் நீரில் நெடுநேரம் ஊறவைப்பதும், படுக்கையை வெயிலில் காயப்போடுவதும் அதற்குரிய வழிகள். மெழுகு உறையை ஊடுருவும் ஆற்றலும், சளியாலும் அழுக்காலும் எளிதில் வலுக்குன்றாத இயல்பும் கார்பாலிக் வகைக்கு இருந்தமையே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

பினாயிலும் அதன் எண்ணும்

கார்பாலிக் அமிலத்தின் வழித்தோன்றலாக வீடுகளுக்கு வந்தது பினாயில். ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் நிறுவிய பெங்கால் கெமிக்கல்ஸ் போன்ற சுதேசி ஸ்தாபனங்கள் இதைத் தயாரித்து இந்தியா முழுவதும் பரப்பின. தார் எண்ணெயும் சோப்பும் சேர்ந்த இக்கலவை, நீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும். அவ்வெண்மையும் மணமும் அதன் வலிமைக்குச் சான்றாகா. 1903 இல் ரிடீல், வாக்கர் என்னும் இருவர் வகுத்த முறைப்படி, கார்பாலிக் அமிலத்தோடு ஒப்பிட்டு டைபாய்டு கிருமியின்மீது கண்டறியப்படும் எண்ணே சான்று. இந்தியத் தர நிர்ணயமும் இவ்வெண்ணைக் கொண்டே பினாயிலைத் தரம் பிரிக்கிறது. அங்காடியில் இதைப் பார்த்து வாங்குவோர் மிகச் சிலர்.

இக்காலப் பயன்கள்

திருமலையில் முடிகாணிக்கை செலுத்தும் கல்யாணகட்டாவில், மஞ்சட்காமாலை வகை வைரசுகள் இரத்தத்தின் வாயிலாகப் பரவாதிருக்க, ஒருவருக்கு மழித்த பிளேடு மற்றவருக்கு ஆகாது. கத்தியை மருந்தில் ஊறவைத்து மீண்டும் எடுப்பதற்கு வேண்டிய நேரம் அக்கூட்டத்தில் வாய்க்காதாகையால், ஒருமுறை பயன்படுத்தி எறிவது கிருமிநாசினியைவிட உறுதியான காப்பு. திருப்பதியில் 1960 இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும் பின்னர் ஏற்பட்ட உயர்சிகிச்சை ஸ்தாபனமாகிய ஸ்விம்ஸும் போன்ற மருத்துவமனைகளில் வெப்பத்தைத் தாங்காத உள்நோக்குக் கருவிகளுக்கு ஏற்றது 2 சதவீத குளுட்டரால்டிஹைடு. அதில் இருபது நிமிஷம் வைத்தால் பெரும்பாலான கிருமிகள் அழியும். வித்துகளும் அழியப் பத்து மணி நேரம் வேண்டும். சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளில் பழம் கழுவும் நீருக்குக் குளோரினும், குழாய்களின் உட்புறத்துக்குக் காஸ்டிக் சோடாவும் உதவுகின்றன.

2020 இல் கொரோனா பரவியபோது மார்ச் 20 முதல் திருமலையில் தரிசனம் நிறுத்தப்பட்டு, ஜூன் 11 அன்று பொதுமக்களுக்கு மீண்டும் தொடங்கியது. அக்காலத்தே நாடெங்கும் தெருக்களில் ஹைப்போகுளோரைட்டைப் பீய்ச்சினார்கள். தமிழ்நாட்டில் திருப்பூரின் சந்தையொன்றில் மனிதர்மீதே மருந்து தெளிக்கும் சுரங்கவழி ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அமைந்து, பல ஊர்களுக்கும் பரவிற்று. மத்தியச் சுகாதார அமைச்சகம் அம்மாதமே இதைக் கூடாதென்று அறிவித்தது. உச்ச நீதிமன்றமும் நவம்பர் 5 அன்று இவ்வழிகளைத் தடை செய்யுமாறு அரசைப் பணித்தது. புழுதிபடிந்த வீதியில் குளோரின் நொடியில் வலுவிழக்கும். மனிதர்மீது பட்டால் தோலையும் கண்ணையும் எரிக்கும். சுவாசத்தோடு உட்சென்ற கிருமியைத் தொடாது. பெரியவர்கள் வருகைக்காகச் சாலையோரங்களில் உலர்ந்த பிளீச்சிங் பவுடரைக் கோடாகத் தூவும் வழக்கமும் இத்தகையதே. நீரில் கரையாத பவுடர் கிருமியைச் சென்றடைவதில்லை.

பயன்படுத்தும் முறை

முதலில் அழுக்கைச் சோப்பு நீரால் தேய்த்து நீக்கி, நல்ல நீரால் அலசுதல் வேண்டும். பின்னர், 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடரில் 30 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதைத் தரையில் பூசிப் பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டுத் துடைக்கவேண்டும். கரைசலை அன்றன்றே தயாரிப்பதும், பவுடரைக் காற்றும் வெயிலும் புகாமல் மூடிவைப்பதும் அவசியம். இதனோடு கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயுவும், அம்மோனியாவைச் சேர்த்தால் குளோரமின் வாயுவும் எழுந்து சுவாசப்பைகளைப் புண்ணாக்கும். ஆதலால் ஒரு சமயத்தில் ஒரு மருந்தையே, கதவு சன்னல்களைத் திறந்துவைத்துப் பயன்படுத்தல் வேண்டும்.