தாயின் பெயர்: ______

லேபர் வார்டு டூட்டியில் பிறப்புப் பதிவுப் படிவம் நிரப்பும்போது நாங்க யோசிக்காமலே எழுதுற கட்டம் ஒன்று உண்டு. தாயின் பெயர். பெற்றவர் எதிரிலேயே படுத்திருப்பார், கேட்டு எழுதிடுவோம்.

அந்த ஒரு கட்டத்தால் ஒரு பச்சைக் குழந்தை மூன்று மாதம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

2007. ஜப்பானில் இருந்து ஒரு தம்பதி குஜராத்தின் ஆனந்த் நகருக்கு வருகிறார்கள். ஆமாம், அமுல் பால் ஊர்தான். வெளிநாட்டவருக்கு வாடகைத் தாய் ஏற்பாடு செய்வதிலும் அப்போது அந்த ஊர் பிரபலம். இதற்கென்று நம்மிடம் சட்டம் கிடையாது. ஐசிஎம்ஆர் 2005ல் தந்த வழிகாட்டுதல் மட்டும்தான்.

கணவரின் விந்தணு. பெயர் சொல்லாத ஒருவரின் கருமுட்டை. சுமந்தவர் நம்ம நாட்டுப் பெண்.

குழந்தை பிறக்கும் முன்பே தம்பதி விவாகரத்து பெற்றுவிட்டார்கள். 2008 ஜூலை 25ல் பெண் குழந்தை பிறந்தது.

இப்போ தாய் யார்? முன்னாள் மனைவிக்கும் குழந்தைக்கும் ரத்த உறவே இல்லை. கருமுட்டை தந்தவர் யாரென்று தெரியாது. சுமந்தவரின் ஒப்பந்தம் பிரசவத்தோடு முடிந்தது. கணக்குக்கு மூணு பேர், தூக்கிக்கொள்ள ஒருத்தரும் இல்லை. ஆனந்த் நகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர்தான் இருந்தது.

ஜப்பான் சட்டப்படி பெற்றெடுத்தவரே தாய். அமெரிக்காவில் வாடகைத் தாய் பெற்ற இரட்டையர் வழக்கில் 2007 மார்ச்சில் அவர்கள் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது. அங்கே கருமுட்டையும் விந்தணுவும் அந்தத் தம்பதியுடையதே என்றாலும் மாற்றமில்லை. ஆக ஜப்பானுக்கு இது இந்தியப் பெண்ணின் குழந்தை. இங்கேயோ ஜப்பான்காரரின் குழந்தை. பாஸ்போர்ட் யார் தருவது?

விசா முடிந்து தந்தை ஊர் திரும்ப, பாட்டி வந்து சேர்ந்தார். அகமதாபாத் குண்டுவெடிப்பு நேரம் வேறு. குழந்தையை ஜெய்ப்பூர் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பெண் தாய்ப்பால் கொடுத்தார் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வழக்குக் கட்டில் எனக்குப் பிடித்த வரி அது மட்டும்தான்.

இதற்கிடையில் ராஜஸ்தானில் ஒரு தொண்டு நிறுவனம் ஆட்கொணர்வு மனு போட, பாட்டி உச்ச நீதிமன்றம் போனார். 2008 செப்டம்பர் 29ல் தீர்ப்பு. 'பேபி மன்ஜி வழக்கு' என்பது இதுதான். தாய் யார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. கடைசியில் பாஸ்போர்ட்டுக்குப் பதில் ஓர் அடையாளச் சான்றிதழ் தந்தோம், மனிதாபிமான விசா ஒன்றை ஜப்பான் தந்தது. நவம்பரில் பாட்டியும் பேத்தியும் கிளம்பினார்கள்.

அதே ஆனந்தில், அதே 2008ல், ஒரு ஜெர்மானியத் தம்பதிக்கு இரட்டைக் குழந்தைகள். ஜெர்மனியில் வாடகைத் தாய் முறைக்கே தடை. சுமந்தவரே தாய், ஆகவே இவர்கள் இந்தியக் குடிமக்கள் என்றது குஜராத் உயர் நீதிமன்றம். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் ஊர் போய்ச் சேர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

2012ல் உள்துறை அமைச்சகம் விதி போட்டது: குழந்தையை எங்கள் நாட்டுக்குள் அனுமதிப்போம் என்று தூதரகக் கடிதம் வேண்டும், தம்பதி மணமாகி இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

இங்கே கதவு ஒடுங்கியதும் தொழில் நேபாளம் போனது. நேபாளப் பெண்கள் சுமக்கக் கூடாது, வெளிநாட்டுப் பெண்கள் சுமக்கலாம் என்பது அங்கே அப்போதைய விதி. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் வாடகைத் தாய்மார் பெற்ற குழந்தைகளை இஸ்ரேல் விமானத்தில் ஏற்றிச் சென்றது. அப்படிச் சுமந்தவர்களில் பலர் இங்கிருந்து போன இந்தியப் பெண்கள்.

2015 நவம்பரில் வெளிநாட்டவருக்கு இங்கே முழுத் தடை. 2021 சட்டத்தில் பணத்துக்காக வாடகைத் தாய் ஏற்பாடு செய்வதே குற்றம், பத்து ஆண்டு வரை சிறை. அனுமதி உள்ளவர்களும் குழந்தையின் பெற்றோர் யார் என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்க வேண்டும். அந்தக் கட்டத்தில் யார் பெயர் எழுதணும் என்பதற்கு அந்த உத்தரவே ஆவணம்.